சத்திரம் இல்லாத ஆஸ்பத்திரி

கிராமத்திலிருந்து வரும் ஏழை நோயாளிக்கு அரசு இன்று இலவசமாக அறுவை சிகிச்சை செய்கிறது, ஸ்கேன் எடுக்கிறது, விலை உயர்ந்த மருந்துகளையும் கொடுக்கிறது. அந்த நோயாளி இரவில் எங்கே படுப்பார், துணைக்கு வந்தவர் எதைச் சாப்பிடுவார் என்ற இரண்டு கேள்விகளை மட்டும் அவர்கள் பொறுப்பிலேயே விட்டுவிடுகிறது. இவ்விரண்டையும் நாம் தரும காரியமாகவே கருதி வந்திருக்கிறோம். யாராவது நல்ல மனம் படைத்தவர் செய்தால் சரி, செய்யாவிட்டால் யாரையும் கேட்க முடியாது. என் வாதம் இதற்கு நேர்மாறானது. தூரத்து ஊரிலிருந்து வந்து வாரக்கணக்கில் சிகிச்சை பெற வேண்டிய ஏழைக்குத் தங்குமிடமும் சாப்பாடும் அந்தச் சிகிச்சையின் பகுதிகளே. அவற்றைக் கொடுக்காதபோது, கொடுத்த மருந்தின் பலனும் குறைகிறது. இரக்கத்தை ஒதுக்கிவைத்து, மருத்துவக் கணக்காகவே பார்த்தாலும் இது நிற்கும் என்பதை இன்று காட்ட முயல்கிறேன்.

கருப்பைவாய்ப் புற்றுநோயை எடுத்துக்கொள்வோம். கிராமத்துப் பெண்களை அதிகம் தாக்கும் நோய் இது. அறுவை செய்ய முடியாத கட்டத்தில் வருகிறவர்களுக்குக் கதிர்வீச்சுதான் முதன்மைச் சிகிச்சை. நம் மக்கள் இதைக் ‘கரண்டு வைக்கிறது’ என்பார்கள். வாரத்துக்கு ஐந்து நாள், ஏறத்தாழ ஐந்து வாரம் வெளியிலிருந்து கதிர்வீச்சு. கூடவே வாரம் ஒருமுறை கீமோ. அதன்பின் உட்புறக் கதிர்வீச்சு சில தடவை. எல்லாமும் எட்டு வாரத்துக்குள் முடிந்துவிட வேண்டும் என்பது உலகம் முழுவதும் புற்றுநோய் மருத்துவர்கள் ஏற்றுக்கொண்ட விதி. எட்டு வாரத்தைத் தாண்டிப் போகும் ஒவ்வொரு நாளுக்கும் நோய் கட்டுப்படும் வாய்ப்பு ஒரு சதவீதம் வரை குறையும் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இயந்திரத்தின் கீழ் படுத்திருப்பது தினமும் சில நிமிடங்கள்தான். ஆகவே இந்தச் சிகிச்சைக்கு வரும் பெண் பெரும்பாலும் புறநோயாளி. அவருக்குப் படுக்கை கிடையாது, ஆஸ்பத்திரிச் சாப்பாடும் கிடையாது. காலையில் ஓபி சீட்டைக் காட்டி, பத்து நிமிடச் சிகிச்சை முடிந்து வெளியே வந்தால், மறுநாள் காலை வரையுள்ள நேரம் அவர் பாடு. ஊர் ஐந்து மணி நேரத் தூரத்தில் இருக்கிறது. போய்வர முடியாது. லாட்ஜில் தங்கப் பணமில்லை. வெள்ளிக்கிழமை ஊருக்குப் போனவர் திங்கட்கிழமை திரும்பவில்லை என்றால், வழக்கமாக அதை அறியாமை என்று குறித்துவைக்கிறோம். எட்டு வாரத்துக்கு மேல் நீளும் ஒவ்வொரு நாளுக்கும் என்ன விலை என்று தெரிந்த பிறகு, அந்தத் திங்கட்கிழமையை அறியாமை என்று தள்ளிவிட முடியாது.

சாப்பாட்டின் விஷயம் இன்னும் நுணுக்கமானது. வாய், தொண்டைப் புற்றுநோய்க்குக் கரண்டு வைக்கும்போது இரண்டு மூன்று வாரத்தில் வாயெல்லாம் புண்ணாகும். எச்சில் வற்றும். இட்லிகூட இறங்காது. நன்றாகக் குழைய வேகவைத்து வடிகட்டிய கஞ்சி, ஆறவைத்த பால், மசித்த பருப்பு, மோர் என்று ஒரு நாளைக்கு ஆறேழு தடவை கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போக வேண்டும். உடல் எடை வேகமாக இறங்கினால் முகத்தைப் பிடித்துவைக்கும் முகமூடி தளர்ந்துபோகும், கதிர் விழ வேண்டிய இடமும் மாறும். சிகிச்சையை நிறுத்தித் திரும்பத் திட்டமிட வேண்டிவரும். வயிற்றுப் பகுதியில் கதிர்வீச்சு பெறுபவருக்கு வயிற்றுப்போக்கு. காரமும் எண்ணெயும் ஆகாது. ‘நன்றாகச் சாப்பிடுங்கள், புரதம் சேருங்கள்’ என்று மருத்துவர் சொல்கிறார். நடைபாதையில் பாய் விரித்திருப்பவர் கஞ்சியை எந்த அடுப்பில் காய்ச்சுவார்? எதிரே உள்ள கடையில் கிடைப்பது புரோட்டாவும் மிளகாய் தூக்கலான குழம்பும்தான். கோயில் வாசலில் யாரோ கொடுக்கும் அன்னதானம் பசியை ஆற்றும். புண்ணான வாய்க்கு அது உதவாது. பெரிய ஆஸ்பத்திரிகளுக்குள் மலிவு விலையில் இட்லியும் தயிர்சாதமும் தரும் அம்மா உணவகங்கள் வந்தது உண்மையிலேயே பெரிய உதவி. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த நோயாளிக்கு வேண்டியது நாள் முழுவதும் கைக்கெட்டும் ஓர் அடுப்பு.

செலவை யாரும் மறைக்கவில்லை. ஆனால் கணக்கில் சேர்ப்பதில்லை. நோயாளி தனியாக வர முடியாது, ஒருவர் கூட வர வேண்டும். அவர் கூலி வேலை செய்பவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரக வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2024-25இல் அறிவிக்கப்பட்ட நாட்கூலி 319 ரூபாய். சிகிச்சை ஏழு வாரம் நடந்து, வாரம் ஆறு நாள் வேலை போனதாக வைத்தால் 13,398 ரூபாய் போச்சு. இது துணைக்கு வந்தவரின் இழப்பு மட்டும்; நோயாளியின் கூலி தனி. இதன் மேல் பஸ் கட்டணம், தங்கும் செலவு, இரண்டு பேருக்கு மூன்று வேளைச் சாப்பாடு. பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் நகரப் பேருந்தில் உண்டு, மாவட்டம் தாண்டி வரும் பேருந்தில் கிடையாது. உலக சுகாதார நிறுவனம் காசநோய்க் குடும்பங்களின் சுமையை அளக்கும்போது மருந்துச் செலவோடு பயணம், உணவு, தங்கல், இழந்த கூலி எல்லாவற்றையும் சேர்த்தே அளக்கிறது. குடும்பத்தின் ஆண்டு வருமானத்தில் 20 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பேரழிவுச் செலவு என்கிறது. மருந்து முழுக்க இலவசமாகக் கிடைக்கும் நோயிலேயே உலகில் ஏறத்தாழப் பாதிக் குடும்பங்கள் அந்தக் கோட்டைத் தாண்டுகின்றன. ‘சிகிச்சை இலவசம்’ என்ற பலகைக்கும் அந்தக் குடும்பம் வாங்கிய கடனுக்கும் நடுவில் உள்ள தூரம் இதுதான்.

தங்க இடம் கொடுத்தால் உயிர் பிழைக்கிறார்கள் என்பதற்குச் சான்று உண்டா என்று கேட்பது நியாயமான கேள்வி. பிரேசிலின் வடகிழக்கில் ரெசிஃபே என்ற நகரம், அந்த நாட்டின் வறிய பகுதிகளில் ஒன்றில் இருக்கிறது. அங்கே ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளின் கதி என்ன ஆயிற்று என்பதை அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ் 2004இல் வெளியிட்டது. 1980களில் அந்தக் குழந்தைகளில் 16 சதவீதம் பேர் சிகிச்சையைப் பாதியில் விட்டுப் போனார்கள். குழந்தைப் புற்றுநோய்க்கென்று தனிப் பிரிவு தொடங்கி, நல்ல மருத்துவ முறையுடன் வெளியூர்க் குடும்பங்களுக்குத் தங்குமிடம், உணவு, பயண உதவி, சமூகப் பணியாளர் என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தார்கள். 1997 முதல் 2002 வரையிலான காலத்தில் பாதியில் விட்டவர்கள் 0.5 சதவீதம். நோய் திரும்பாமல் ஐந்தாண்டு வாழ்ந்த குழந்தைகள் 32 சதவீதத்திலிருந்து 63 சதவீதமாக உயர்ந்தார்கள். இந்த ஏற்றம் முழுவதும் தங்குமிடத்தால் வந்தது என்று சொன்னால் அது மிகை. மருந்து முறையும் மாறியது, மருத்துவர்களின் தேர்ச்சியும் கூடியது. ஆனால் பாதியில் விட்டுப்போவது என்பது மருந்தால் குணமாகும் காரியமில்லை. ஊருக்குப் போனவர் திரும்பி வராமல் இருப்பதற்கு எந்தக் கீமோவும் மாற்றாகாது.

இன்னொரு சான்று நம் நாட்டுக்கும் பங்குள்ள ஆய்வு. எடை குறைந்து பிறந்த சிசுவைப் பிறந்த உடனேயே தாயின் மார்போடு இடைவிடாமல் அணைத்து வைத்திருப்பதை இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாட்டு ஆஸ்பத்திரிகளில் சோதித்தார்கள். முடிவு 2021இல் வந்தது. வழக்கமான பராமரிப்பில் 28 நாளுக்குள் இறந்த சிசுக்கள் 15.7 சதவீதம், தாயோடு இருந்தவற்றில் 12 சதவீதம். நான்கில் ஒரு சாவு குறைந்தது. இந்தச் சிகிச்சைக்குத் தேவைப்பட்ட முக்கியமான பொருள், சிசுவின் பக்கத்தில் தாய்க்கு ஒரு கட்டில். நம் ஆஸ்பத்திரிகளில் சிசு தீவிரப் பிரிவில் இருக்கும். பிரசவித்தவரை மூன்றாம் நாளோ ஏழாம் நாளோ டிஸ்சார்ஜ் செய்துவிடுவார்கள். அதன் பிறகு அவர் யாருமில்லை: நோயாளியும் இல்லை, பார்வையாளரும் இல்லை. தையல் ஆறாத வயிற்றோடு வராந்தாவில் உட்கார்ந்து, கூப்பிடும்போது உள்ளே போய்ப் பால் கொடுத்துவிட்டு வருகிற அந்தத் தாய்க்குக் கட்டில் கொடுப்பதைத் தருமம் என்று எப்படிச் சொல்வது? அது அந்தச் சிசுவுக்குத் தரும் சிகிச்சை.

உடன் வருபவருக்கு ஏன் சோறு போட வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களை ஒரு நாள் அரசு ஆஸ்பத்திரி வார்டில் நின்று பார்க்கச் சொல்வேன். ஸ்ட்ரெச்சரைத் தள்ளுகிறவர் யார்? ரத்த மாதிரியை லேபுக்குக் கொண்டுபோய் ரிப்போர்ட் வாங்கி வருகிறவர் யார்? டிரிப்ஸ் பாட்டில் தீர்கிறதா என்று இரவெல்லாம் பார்த்திருந்து நர்ஸைக் கூப்பிடுகிறவர், படுக்கையை மாற்றுகிறவர், மூத்திரப் பையைக் காலி செய்கிறவர், காப்பீட்டு அட்டையோடு நான்கு கவுண்டரில் நிற்கிறவர் யார்? செவிலியர் எண்ணிக்கை போதாத நம் ஆஸ்பத்திரிகள் கூட இருப்பவர்களின் உழைப்பை வைத்துத்தான் நடக்கின்றன. சம்பளமில்லாமல் வேலை வாங்கிக்கொண்டு, பார்வை நேரம் முடிந்ததென்று வெளியே அனுப்பி மரத்தடியில் படுக்கவிடுவது நியாயமா? அவருக்குப் போடும் சோறு அவர் செய்யும் வேலைக்கான கூலியில் ஒரு சிறு பங்கு என்றே நான் கருதுகிறேன்.

இது நமக்குப் புதிய யோசனையும் இல்லை. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் திருமுக்கூடல் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது, பதினோராம் நூற்றாண்டு. அங்கே கோயிலைச் சார்ந்து நடந்த ஆதுலசாலையில், அதாவது மருத்துவமனையில், பதினைந்து படுக்கைகள். மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருபவர்கள், நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் ஆகியோருக்கான ஊதியத்தோடு நோயாளிகளின் சாப்பாட்டுக்கான அரிசியும் அதே ஆவணத்தில் ஒதுக்கப்பட்டிருக்கிறது. சென்னையின் ஸ்டான்லி ஆஸ்பத்திரியின் பிறப்பு இன்னும் தெளிவான செய்தி. 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் பசித்து வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்ற எழுந்த மணியக்காரர் சத்திரம்தான் அதன் வேர். 1799இல் அந்தச் சத்திரத்தில் வைத்தியம் தொடங்கியது. கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்று வடசென்னை மக்கள் அதை நெடுங்காலம் அழைத்தார்கள். முதலில் சோறு, பிறகு கூரை, கடைசியில் மருந்து என்ற வரிசையில் அந்த நிறுவனம் வளர்ந்தது. நவீன மருத்துவமனை பெருகியபோது படுக்கையும் இயந்திரமும் உள்ளே வந்தன, சத்திரம் வாசலுக்கு வெளியே போய்விட்டது. யாரும் முடிவுசெய்து அதை வெளியே அனுப்பவில்லை. அதனால்தான் அதைத் திரும்ப உள்ளே கொண்டுவருவதும் யாருடைய பொறுப்பு என்று தெரியாமல் நிற்கிறது.

இப்போது எனக்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் மிக வலுவானதை எடுத்துக்கொள்கிறேன். நோயாளியைப் பட்டணத்துக்கு இழுத்துவந்து தங்கவைப்பதைவிட, சிகிச்சையை அவர் ஊருக்குக் கொண்டுபோவதுதானே அறிவு? இதற்குச் சென்னையே பெரிய சான்று தந்திருக்கிறது. 1956இல் இங்கே தொடங்கிய காசநோய் ஆய்வில், நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் நல்ல சாப்பாட்டோடும் ஓய்வோடும் வைத்தார்கள். மற்றவர்களை நெரிசலான வீடுகளிலேயே விட்டு அதே மருந்தைக் கொடுத்தார்கள். இரண்டு தரப்பாரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமானார்கள். உலகம் முழுவதும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு அந்த முடிவும் ஒரு காரணம். இன்று ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மருந்து வீடு தேடிப் போகிறது. இந்தப் போக்கை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். வீட்டுக்குப் போகக்கூடிய சிகிச்சையெல்லாம் வீட்டுக்குப் போகட்டும். டயாலிசிஸ் தாலுகாவுக்குப் போகட்டும். ஆனால் மாத்திரை பயணம் செய்யும், கதிர்வீச்சு இயந்திரம் பயணம் செய்யாது. அதற்குக் கனமான சுவர், கதிரியல் இயற்பியலாளர், இடையறாத மின்சாரம், பழுது பார்க்கும் ஆள் எல்லாம் வேண்டும். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய், எலும்பு மஜ்ஜை மாற்று, சிக்கலான இருதய அறுவை போன்றவையும் அப்படித்தான். ஒரே இடத்தில் நிறையச் செய்பவர்கள் கையில்தான் நன்றாக நடக்கும். மாவட்டத்துக்கு ஒரு கதிர்வீச்சு இயந்திரம் வந்தாலும் மலைக் கிராமத்திலிருந்து அந்த மாவட்டத் தலைநகருக்கு இரவு தங்காமல் முப்பது நாள் போய்வர முடியாது. பரவலாக்கம் தங்குமிடத்தின் தேவையைக் குறைக்கும், இல்லாமல் ஆக்காது.

அந்த 1956 ஆய்வை வைத்துச் சாப்பாடு முக்கியமில்லை என்று முடிவுகட்டுவதும் தவறு. ஜார்க்கண்டில் நடந்த ஆய்வு ஒன்று 2023இல் வெளிவந்தது. காசநோயாளியின் வீட்டில் உள்ள மற்றவர்களுக்கு மாதந்தோறும் உணவுப் பொருட்கள் கொடுத்தபோது, அவர்களிடையே புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. பரிசோதனையில் கிருமி உறுதியான நுரையீரல் காசநோய் மட்டும் எடுத்தால் 48 சதவீதம். நோயாளியோடு அவர் குடும்பமும் சாப்பிட வேண்டும் என்பதற்கு இதைவிட நேரான சான்று எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இலவசம் என்றால் வேண்டாதவர்கள் கூடுவார்கள், வந்தவர்கள் போகமாட்டார்கள், இடம் அழுக்காகும் என்பது அடுத்த எதிர்ப்பு. பராமரிப்பில்லாமல் கட்டிவிட்டுப் போன கொட்டகைகளைப் பார்த்தவர்கள் சொல்வது இது. அவர்கள் பார்த்தது பொய்யில்லை. ஆனால் ஒழுங்காக நடக்கும் இடங்களும் இருக்கின்றன. மும்பையில் 2006இல் எட்டுக் குடும்பங்களோடு தொடங்கிய செயின்ட் ஜூட் குழந்தை நல மையங்கள் இன்று சென்னை, வேலூர் உட்படப் பல நகரங்களில் இருக்கின்றன. அங்கே யாரும் வாசலில் வந்து இடம் கேட்டு வாங்க முடியாது. சிகிச்சை தரும் ஆஸ்பத்திரியின் சமூகப் பணியாளர் அனுப்ப வேண்டும். ஒரு குடும்பத்துக்கு ஓர் இடம். சமையலறை பொது, ஆனால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி அடுப்பு. அரிசி, பருப்பு, எண்ணெய் அளந்து கொடுக்கப்படும். அம்மா தன் பிள்ளைக்குப் பிடித்த மாதிரி, தன் ஊர்ப் பக்குவத்தில் சமைக்கிறார். கீமோவில் நோய் எதிர்ப்பு குறைந்த குழந்தைக்குக் கூட்டமும் அசுத்தமும் கேடு என்பதால் சுத்தம் அங்கே மருத்துவ விதி. சிகிச்சை முடியும் தேதிதான் தங்கும் காலத்தின் முடிவும். இப்படித் தகுதியையும் காலத்தையும் சிகிச்சையே தீர்மானிக்கும்போது வேண்டாதவர் புகும் வழி அடைபடுகிறது. சமையலைத் தாயின் கையில் விட்டதை நான் தனியாக மெச்சுவேன். எல்லாம் பறிபோன நிலையில் ஒரு பெண்ணுக்குத் தன் அடுப்பு மிஞ்சுவது சிறிய விஷயமில்லை.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை வேறொரு வழியைக் காட்டியது. 1976இல் டாக்டர் வெங்கடசாமி பதினொரு படுக்கையோடு தொடங்கியது அது. கிராமத்து முகாமில் கண்புரை என்று கண்டறியப்பட்டவர்களை அங்கிருந்தே பஸ்ஸில் ஏற்றி வந்து, அறுவை செய்து, சாப்பாடு போட்டு, பாயில் படுக்கவைத்து, திரும்பவும் ஊரில் கொண்டுபோய் விடுகிறார்கள். ஒரே பகுதிக்காரர்கள் கூட்டமாக வருவதால் ஒருவருக்கொருவர் துணை. தனித் துணை ஆளும் வேண்டியதில்லை, அவருடைய கூலியும் போகவில்லை. கட்டிலும் மெத்தையும் இல்லாமலே கண்ணியமாகச் செய்ய முடியும் என்று அது நிரூபித்தது. இந்த வழிக்கும் எல்லை உண்டு. மதுரை வட்டாரக் கிராமங்களில் நடத்தி 1999இல் வெளியான ஆய்வு, கண் கோளாறு உள்ளவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கும் குறைவானவர்களே முகாமுக்கு வந்திருந்ததாகக் கண்டது. பயம், வீட்டுப் பொறுப்பு, செலவு, பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் எல்லாம் தடுத்தன. தங்குமிடமும் சோறும் கொடுத்துவிட்டால் எல்லோரும் வந்துவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. வந்தவர் சிகிச்சையை முடிக்காமல் போவதைத் தடுக்கும் என்பதே நான் சொல்வது.

தரும நிறுவனங்கள்தான் செய்கின்றனவே, அரசு ஏன் என்பது கடைசி எதிர்ப்பு. மும்பை தாதரில் காட்கே மகாராஜ் பெயரால் நடக்கும் தர்மசாலையில் புற்றுநோயாளிகள் தங்குகிறார்கள். வள்ளலார் 1867இல் வடலூரில் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. இவர்கள் இல்லையென்றால் எத்தனையோ பேர் தெருவில் கிடந்திருப்பார்கள். அவர்களுக்கு நாம் நன்றிக்கடன் பட்டவர்கள். ஆனால் தருமம் தான் விரும்பும் இடத்தில் விரும்பும் ஆளுக்குச் செய்கிறது. குழந்தைக்குக் கிடைக்கும் இடம் ஐம்பது வயதுக் கூலித் தொழிலாளியின் வாய்ப் புற்றுநோய்க்குக் கிடைப்பதில்லை. திருநாளில் பொங்கி வழியும் அன்னதானம் அடுத்த செவ்வாய்க்கிழமை இருப்பதில்லை. சிகிச்சைக்கு அட்டவணை உண்டு. சாப்பாட்டுக்கும் கூரைக்கும் அதே அட்டவணை வேண்டும். அந்த உறுதியை அரசுதான் தர முடியும். அரசு இந்தக் கொள்கையை ஏற்கெனவே ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பதையும் கவனியுங்கள். புற்றுநோயாளிக்கு ரயில் கட்டணச் சலுகை தரும்போது கூட வருபவருக்கும் தருகிறார்கள். 2008இல் வந்த தேசிய காப்பீட்டுத் திட்டம் ஆஸ்பத்திரியில் சேரும் ஒவ்வொரு தடவையும் பயணத்துக்கென்று 100 ரூபாய் கொடுத்தது. 2011 முதல் அரசு ஆஸ்பத்திரியில் பிரசவிக்கும் தாய்க்குச் சுகப்பிரசவமானால் மூன்று நாளும் சிசேரியன் ஆனால் ஏழு நாளும் இலவச உணவு உரிமையாக இருக்கிறது. கொள்கை இருக்கிறது, அது வாரக்கணக்கில் வரும் புறநோயாளியை எட்டவில்லை. அவ்வளவுதான் குறை.

ஆகவே நான் கேட்பது நடைமுறையில் சிறிய மாற்றம். காப்பீட்டுத் திட்டங்களின் சிகிச்சைத் தொகுப்புகள் உள்நோயாளியை மனதில் வைத்து எழுதப்பட்டவை. கதிர்வீச்சுக்கும் குழந்தைப் புற்றுநோய்க்கும் உரிய தொகுப்புகளில், வெளியூர் நோயாளிக்கும் அவர் துணைக்கு வருபவர் ஒருவருக்கும் சிகிச்சை முடியும் வரை தங்குமிடமும் உணவும் ஒரு தலைப்பாகச் சேர வேண்டும். இயந்திரத்துக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது சிறு தொகை; சேர்க்காவிட்டால் அந்த இயந்திரத்தில் செலவழித்ததன் ஒரு பங்கு வீணாகிறது. கட்டடத்தை அரசு கட்டட்டும், நடத்துவதை அனுபவமுள்ள தரும நிறுவனங்களிடம் ஒப்படைக்கட்டும். பூட்டக்கூடிய ஒரு பெட்டி, பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, வெந்நீர், தனி அடுப்பு, ஆஸ்பத்திரிக்கு நடந்துபோகும் தூரம் ஆகிய ஐந்தும் இருந்தால் போதும். பளிங்குத் தரை வேண்டாம். கதிர்வீச்சுக்கு முதல் நாள் தேதி குறிக்கும் அதே மேசையில், அதே சமூகப் பணியாளர் கையால், படுக்கை எண்ணும் எழுதப்பட வேண்டும். எழுத முடியாத நாளில், இடமில்லாமல் எத்தனை பேர் திரும்பினார்கள், அவர்களில் யார் மறுபடி வரவில்லை என்ற பதிவேட்டை ஒவ்வொரு புற்றுநோய் மையமும் வைத்து, ஆண்டுதோறும் அதைச் சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கையோடு வைக்க வேண்டும்.